புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் என்று சொன்னேன்

குமரேசா, உன் ராஜினாமாக் கடிதம் மூன்று வாரமாக உன் சூபரிண்டென்டென்ட் மேஜையிலேயே கிடப்பதற்கு ஃபாக்டரி காரணம் இல்லை. நான்தான் காரணம். நீ அதைக் கொடுத்த மறுநாள் காலையிலேயே, உனக்குத் தெரியாமல், கையில் ஒரு சீமைப் பீங்கான் டீ செட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். "பையன் ஏதோ கோபத்துல எழுதிக் குடுத்துட்டான் சார். ஒரு மாசம் அப்படியே அமுக்கி வையுங்க, தன்னால புத்தி தெளிஞ்சுடும்" என்றேன். வருகிற பதினைந்தாம் தேதிக்குள் நீ சேராவிட்டால் பல் மருத்துவக் கல்லூரியில் உனக்குக் கொடுத்திருக்கும் இடம் வேறு யாருக்கோ போய்விடும் என்று நீயே என்னிடம் சொல்லியிருந்தாய். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு மாசம் என்று கேட்டேன். நாளைக் குறைத்துக் கேட்டிருந்தால் அப்பா அறியாமல் செய்தார் என்று நீ நினைத்துக்கொள்ளலாம். அறிந்துதான் செய்தேன்.

இதை நேரில் சொல்ல உன் ஒக்கலிபுரம் வீட்டு வாசல்வரைக்கும் வந்தேன். உள்ளே நீ உன் பெரிய மகளுக்கு ஏதோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்படியே திரும்பி ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். ஐம்பது வருஷமாக யார் முகத்தையும் பார்த்து விலை பேசத் தயங்காதவன் நான். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ அந்தக் கல்லூரிக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்ன அன்று நான் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பெண்டாட்டி சரோஜாவும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்த இடத்தில், "என்னடா, முப்பத்தொரு வயசுல உனக்குப் பல்லு முளைக்குதா?" என்றேன். குழந்தைகள் சிரித்தன. நீ சிரிக்கவில்லை. "பதினேழு வயசுப் பசங்களோட பெஞ்சுல உக்காருவியா? அவனுங்க உன்னை அண்ணான்னு கூப்பிடுவானா, மாமான்னு கூப்பிடுவானா?" என்று நான் விடாமல் கேட்டேன். நீ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அளவு எடுக்காம வச்சதுதாம்பா தப்பு. நான் பதிமூணு வருஷமா ஃபாக்டரியில அளவுதான் எடுத்துக்கிட்டிருக்கேன். அதை வாயில எடுக்கக் கத்துக்கப் போறேன், அவ்வளவுதான்" என்றாய். சரோஜாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரியாதவன்போல மோர் கேட்டேன்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் கண்டோன்மென்ட்டில் தினம் ஒரு பங்களாவில் ஏலம். குடியாத்தத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்த நான் ஆளானது அந்த ஏலங்களில்தான். அலமாரி, கட்டில், பியானோ, நாய்ச்சங்கிலி எல்லாம் வாங்குவேன். வாங்கிய இடத்திலிருந்து வண்டி கிளம்புவதற்குள் பாதியை விற்றுவிடுவேன். அப்படி ஒரு நாள் ஊரைவிட்டுப் போகிற ஒரு பல் டாக்டரின் சாமான்களை மொத்தமாக எடுத்தேன். நாற்காலியை ஒரு சலூன்காரர் தூக்கிக்கொண்டு போனார். கடைசியில் ஒரு மரப்பெட்டி மிஞ்சியது. திறந்தால், பஞ்சுக்குள் முப்பதுக்கு மேல் பல்செட்டுகள். கட்டச் சொல்லிவிட்டு வாங்க வராதவர்களுடையவை, செத்துப்போனவர்களுடையவை, யார் கண்டது. உன் அம்மா அந்தப் பெட்டியை வீட்டுக்குள் விடவில்லை. "பொணத்து வாயில இருந்து புடுங்கினதா? நடையிலயே வை!" என்று கத்தினாள்.

நான் அதைக் கடைக்குக் கொண்டுபோனேன். ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, பக்கத்தில் ஒரு கண்ணாடி, ஒரு பேசின் வெந்நீர். பொக்கை வாய்க்காரர்கள் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் வெந்நீரில் அலசி வைப்போம். அடுத்தவர் எடுத்து மாட்டுவார். உனக்கு அப்போது பதினேழு வயது. இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாய். கடைக்கு வந்தவன் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தப்பில்லையா?" என்றாய். "செருப்புக் கடையில போட்டுப் பாக்கறதில்லையா? அது காலு, இது வாயி" என்றேன். கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சுக்குக் கடைவீதியில் எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பில்தான் நான் கெட்டேன்.

ஆரோக்கியம் அப்படித்தான் வந்தார். பட்டாளத்து பேண்டில் கார்னெட் குழல் ஊதி ஓய்வு பெற்றவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். லாரியிலிருந்து விழுந்து மேல்பல் போயிருந்தது. மிச்சத்தை அவரே பிடுங்கிப் போட்டிருந்தார். கார்னெட் ஊதுகிறவனுக்கு உதட்டின் பின்னால் பல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுதான் வரும், சுரம் வராது. மாதா திருவிழாத் தேருக்கு முன்னால் ஊத வேண்டும், அதற்குள் பல் வேண்டும் என்றார். தட்டில் இருந்த எதுவும் அவருக்குச் சேரவில்லை. ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. நான் என்ன செய்தேன்? அரத்தை எடுத்து, கடை வாசலில் உட்கார்ந்து, அலமாரிக் கதவைச் சீவுவதுபோல அதன் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, கடையிலேயே இரண்டு அடி ஊதிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். ஈறு புண்ணாகியிருந்தது. "வலிக்குதுங்க" என்றார். நான் அவர் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் ஆரோக்கியம். போடப் போடச் சரியாயிடும்" என்றேன். என் வார்த்தையை நம்பி அவர் அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தார். தேர் அன்றைக்கும் அதோடுதான் ஊதினார். அப்புறம் முகம் வீங்கியது. அவரை ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நீ. சீழ் எலும்புக்குப் போய்விட்டது என்று சொல்லி, மேல்தாடையில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கார்னெட்டை வாயில் வைக்கவில்லை. நான் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏலம் இருந்தது என்று சொன்னேன்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "மிச்சப் பல்லெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாய். "அல்சூர் ஏரியில போட்டுட்டேன்" என்றேன். பொய். பதினோரு செட் மீதி இருந்தது. சந்தாபுரா பக்கம் சந்தைகளில் சாமான் விரிக்கிற ஒருவனுக்கு அவற்றை விற்றேன். அவன் எந்த வாயில் மாட்டினான், எந்த வாய் புண்ணாயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் ஊருக்கு வெளியே விற்றேன். இவ்வளவு வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மா சாகும்வரை ஏரியில் போட்டதாகத்தான் நம்பியிருந்தாள்.

இன்னொன்று. இண்டர்மீடியட் முடித்ததும் நீ மேலே டாக்டருக்குப் படிக்கிறேன் என்றாய். வசதி இல்லை என்று சொல்லி உன்னை ஃபாக்டரியில் சேர்த்துவிட்டேன். அந்த வருஷம் எனக்கு இருந்த வசதி அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆரோக்கியத்தின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனை ஆஸ்பத்திரிப் படிப்புக்கு அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் அதே பயம்தான். நீ வேலையை விட்டால் குடும்பம் என்னாகும் என்ற கவலையில் உன் அதிகாரியிடம் போனேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம், எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். உண்மை அது இல்லை. நான் ஆரோக்கியத்துக்குச் செய்ததற்கு அந்தப் புஸ்தகங்களில் ஒரு பெயர் இருக்கும். வாத்தியார் அதைக் கரும்பலகையில் எழுதுவார். அவ்வளவு பேரில் நீ ஒருவன் மட்டும் அதைப் படிக்கும்போது என் முகத்தை நினைத்துக்கொள்வாய். அதைத் தடுக்கத்தான் டீ செட்டோடு போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சரோஜா கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இவரோட பேப்பர் எங்கியோ சிக்கிக்கிட்டு இருக்கு. ஆபீசருங்ககிட்டப் பேச உங்களை மாதிரி யாருக்கும் வராது. ஒரு நடை போய்ட்டு வாங்க மாமா" என்றாள். யாரிடம் வந்து என்ன கேட்கிறாள் பார். "நாலு வருஷம் எப்படிம்மா சமாளிப்பே?" என்று கேட்டேன், அவள் மனசைக் கலைக்கலாம் என்று. "என் டீச்சர் சம்பளம் இருக்கு. மிச்சத்துக்குச் சாயங்காலம் ட்யூஷன் எடுப்பேன். அவரு ராத்திரி தூக்கத்துல பல்லு பல்லுன்னு உளர்றதைக் கேக்கறதுக்கு ட்யூஷன் எவ்வளவோ தேவலை" என்று சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "இவருக்கு இந்தக் கிறுக்கு சின்ன வயசுலயே பிடிச்சிருக்கு மாமா. மாசாமாசம் முதல் ஞாயிறு லிங்கராஜபுரம் போறாரில்ல, அங்க ஒரு பேண்டுக்காரரு, தாடை போனவரு. அவருக்கு ரவை, ராகி மாவு எல்லாம் வாங்கிக் குடுத்துட்டு வருவாரு. யாருன்னு கேட்டா, நம்ம கடை வாடிக்கைக்காரர்னு சொல்றாரு."

நம்ம கடை வாடிக்கைக்காரர். பதினாலு வருஷமாக நீ அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். உன் பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் போனபிறகு நான் கடையைச் சாத்தினேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல வியாபார நேரத்தில் நான் கடையைச் சாத்தி நீ பார்த்திருக்க மாட்டாய்.

திங்கட்கிழமை லிங்கராஜபுரம் போனேன். கோயிலுக்குப் பின்னால், ஓட்டு வீடு. வாசலில் உட்கார்ந்து யாருடைய ட்ரம்பெட்டையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கன்னம் உள்ளே போய்விட்டது; பேச்சு கொஞ்சம் மூக்கில் வருகிறது; ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவு. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

"வாய்யா செருப்புக்காரரே" என்றார். "பதினாலு வருசம் ஆச்சு. என்ன, அளவு சரியில்லன்னு திருப்பி வாங்கிக்க வந்தியா?"

எனக்கு உட்காரவும் தோன்றவில்லை. நின்றபடியே, "மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

"மன்னிப்பு கோயில்ல ஃபாதர் குடுக்கறாரு. இலவசம். நீ வியாபாரியாச்சே. வியாபாரி மாதிரி பேசு."

நான் சட்டைப் பையில் கையை விட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துட்டை உள்ள வைய்யா. உன் மகன் கொண்டாற ராகி மாவையே என்னால தின்னு முடிக்க முடியல" என்றார். பிறகு என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு நல்லா இருக்கே. யாரு கட்டினது?"

"கமர்ஷியல் ஸ்ட்ரீட் சீனாக்காரரு."

"வாயில அச்சு எடுத்தாரா?"

"எடுத்தாரு."

"எத்தனை தரம்?"

"ரெண்டு தரம்" என்றேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் பல் விழுந்தபோது, தட்டில் வைத்து விற்கிற கடைக்கா போனேன்? ஊரிலேயே நல்லவர் யார் என்று விசாரித்து, அச்சு எடுத்துக் கட்டுகிறவரிடம் போனேன். கொஞ்சம் உறுத்துகிறது என்றபோது, சீனாக்காரர் செருப்புக் கதை சொல்லவில்லை. பாவம், மறுபடி முதலிலிருந்து அச்சு எடுத்தார்.

ஆரோக்கியம் உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "கழட்டு" என்றார். நான் கழற்றிப் போட்டேன். அங்கே அவர் வைத்த பேச்சைக் கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் உன் சூபரிண்டென்டென்ட்டிடம் போனேன். "ஏனு யஜமான்ரே, மத்தே பந்திரா?" என்றார், மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று. நான் பொக்கை வாயோடு விஷயத்தைச் சொன்னேன். பாதி அவருக்குப் புரியவில்லை, திரும்பச் சொன்னேன். "ஹோத சல பேடா அந்திரி, இவத்து பேக்கு அந்தீரி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "போன தடவை வேணாம், இப்ப வேணும். உங்க மகன் என்ன, ஏலத்துச் சாமானா?" என்று தமிழிலும் கேட்டார். ஆமாம் என்றுதான் நடந்துகொண்டிருந்தேன் சார் என்றேன். பதினைந்தாம் தேதிக்கு முன்பாகவே, இந்தச் சனிக்கிழமைக்குள் உன்னை விடுவித்து ஆர்டர் கையெழுத்தாகும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். டீ செட்டை மட்டும் திருப்பித் தர முடியாதாம். அவர் வீட்டம்மா அதில் காபி குடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

இனி உன் பாடு. போ என்று நான் சொல்லப்போவதில்லை. போகாதே என்று சொல்லி நான் சம்பாதித்தது போதும். ஆனால் வியாபாரியாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். வயதைப் பற்றி நான் செய்த கேலியைக் கணக்கில் எடுக்காதே. ஏலத்தில் முதல் விலை சொன்னதுமே கை தூக்குகிறவனைப் பார்த்திருக்கிறேன்; ஆசையில் எடுப்பான், அடுத்த மாதம் என்னிடமே கொண்டுவந்து தள்ளிவிடுவான். கடைசிவரை நின்று, சாமானைப் புரட்டிப் பார்த்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து எடுக்கிறவன் அதை விற்க வருவதே இல்லை. நீ பதினாலு வருஷம் நின்று பார்த்திருக்கிறாய். சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் போகும். பையன்கள் கேலி செய்வார்கள். ராத்திரி உனக்குத் தூக்கம் வருகிற நேரத்தில் உன் மகளுக்கும் உனக்கும் ஒரே விளக்கில் பரீட்சைப் பாடம் இருக்கும். படித்து முடித்ததும் வாசலில் கூட்டம் நிற்காது. பல் கட்டுகிற சீனாக்காரர்களை விட்டு உன்னிடம் வர ஜனங்களுக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். இதையெல்லாம் சரோஜாவோடு உட்கார்ந்து பேசு, என்னோடு வேண்டாம். நான் நடுநிலையானவன் இல்லை என்று நிரூபித்துவிட்டேன்.

நீ போனால், அந்த வகுப்பில் நான் செய்ததற்கு என்ன பெயர் என்று வரும்போது, காதைப் பொத்திக்கொள்ளாதே. நன்றாகக் கேட்டு எழுதிக்கொள். வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லு. எனக்கும் தெரியட்டும்.

கீழே எழுதுவதை வைத்து நான் உன்னை நெருக்குவதாக நினைக்காதே. நீ போகாவிட்டாலும் இந்தப் பேச்சு எனக்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவில் அப்படியே நிற்கும். உன்னை அது கட்டுப்படுத்தாது. "என் தாடையில பாதி இல்ல. இதுல பல்லு கட்ட முடியுமா முடியாதான்னு உன் மகன் படிச்சுட்டு வந்து சொல்லட்டும். முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். படிக்காதவன் முடியும்னு சொன்னதுதான் எனக்கு வந்த கேடு" என்றார் அவர். பொங்கலுக்கு ஒரு நாள் மட்டும் என் பல்லைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் பேரம் பேசிப் பார்த்தேன். "எதுக்கு, கரும்பு கடிக்கவா?" என்று கேட்டார்.

முடிவான பேச்சு இது: என் பல்செட் லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டு ஜன்னலில், கண்ணாடி டம்ளரில், அடகு. வட்டி கிடையாது. தண்ணீர் மாற்றுவது அவர் பொறுப்பு. மாதத்தில் முதல் ஞாயிறு ராகி மாவை இனி நான் கொண்டுபோக வேண்டும். அங்கேயே உட்கார்ந்து அவர் குடிக்கிற கஞ்சியை அவரோடு குடிக்க வேண்டும். நீ படித்து வந்தால், அளவெடுக்கத் தெரிந்த கையால், முதலில் அவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்; அன்றைக்குத்தான் அடகு மீளும். என் வாய் அதற்குப் பிறகு.